ஃபேமிலி பேசிக் பெட்டியோடு வந்த பெயரில்லாத கேசட்: படிக்க வழி சொல்லுங்கள்

#1 தூசிதட்டி (சனி, இரவு 9.12)

பல மாதம் தேடிய ஃபேமிலி பேசிக் பெட்டி கடைசியில் கைக்கு வந்துவிட்டது. நிண்டெண்டோவின் ஃபேமிகாம் விளையாட்டுப் பெட்டியில் பேசிக் மொழியில் நிரல் எழுத வைக்கும் தொகுப்பு அது. விசைப்பலகை, கறுப்பு நிற வி2 (இரண்டாம் பதிப்பு) கேட்ரிட்ஜ், ஓரம் கிழிந்த கையேடு. அட்டைப் பெட்டி நசுங்கியிருக்கிறது, அதைப் பற்றிக் கவலையில்லை. விசைப்பலகை பழுத்த எலுமிச்சை நிறத்துக்கு வந்துவிட்டது, அதைப் பற்றியும் கவலையில்லை.

கவலையெல்லாம் பெட்டியின் அடியில் கிடந்த ஒரு கேசட்டைப் பற்றித்தான். விற்றவர் பட்டியலில் அதைக் குறிப்பிடவே இல்லை. மேலே எதுவும் எழுதவில்லை. சாதாரண டேப் ரிகார்டரில் போட்டால் முதலில் நீண்ட கீச்சொலி, பிறகு கரகரப்பு. ஏதோ நிரல் பதிவாகியிருக்கிறது என்பது உறுதி. விசைப்பலகையின் ‘லோட்’ துளையில் இணைத்து லோட் கட்டளை கொடுத்தேன். மூன்று முறையும் சிறிது நேரம் காத்திருந்துவிட்டு ‘டிபி எரர்’, அதாவது நாடாவைப் படிப்பதில் பிழை, என்று நின்றுவிட்டது.

நான்காவது முறை முயல்வதற்கு முன் இங்கே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. என்ன செய்யலாம்?

#2 நாடாக்காரன் (சனி, இரவு 9.40)

நான்காவது முறை வேண்டாம். முதலில் டேப் ரிகார்டரை நிறுத்துங்கள்.

கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு மூலைகளிலும் சின்னப் பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும். அவை இன்னும் இருந்தால் இரண்டையும் ஒடித்துவிடுங்கள். அதன்பின் ‘ரெக்கார்ட்’ பொத்தானை நீங்களே தவறி அழுத்தினாலும் பதிவு அழியாது. இதைச் செய்யாமல் பழைய நாடாவைக் கையில் எடுப்பவரைக் கண்டாலே எனக்கு இரத்தம் கொதிக்கும். உங்களைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

அடுத்து, கேசட்டில் நாடா வெளியே தெரியும் விளிம்பின் நடுவில், நாடாவுக்குப் பின்னால் உள்ள அழுத்துப் பஞ்சு ஒட்டிக்கொண்டு இருக்கிறதா என்று பாருங்கள். நாற்பது ஆண்டுப் பசை காய்ந்து பஞ்சு உதிர்ந்திருந்தால் நாடா, அதைப் படிக்கும் ஹெட்டில் படியாது. பஞ்சு சரியாக இருந்தால் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஓட்டி, திரும்பச் சுற்றிக்கொள்ளுங்கள். சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் அதில் விட்டுக்கொடுக்கும்.

அதன்பின் நேரடியாக லோட் செய்ய வேண்டாம். கணினியில் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் கோப்பாகப் பதிவு செய்யுங்கள். எம்பி3 கூடாது. காதுக்குக் கேட்காததை வெட்டி எறிவதுதான் அதன் வேலை. ஆனால் இங்கே கேட்பது காது அல்ல. இரைச்சல் குறைப்பு வசதி எதுவாக இருந்தாலும் அணைத்துவிடுங்கள்.

ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்தீர்களா?

#3 ஈயப்பற்று (சனி, இரவு 10.05)

நாடாவுக்கு அவர் போதும். நான் மின்சாரத்துக்கு.

கேட்ரிட்ஜில் இரண்டு ஏஏ பேட்டரிகளுக்கான அறை இருக்கிறதே, திறந்து பார்த்தீர்களா? பலருடைய கேட்ரிட்ஜுக்குள் அன்று போட்ட பேட்டரியே இன்றும் இருக்கும். அல்கலைன் பேட்டரி கசிந்தால் வெளிவருவது காரம். வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். தகடு பச்சையாகியிருந்தால் பொறுமையாகச் சுரண்ட வேண்டும். பேட்டரி இல்லாமலும் பேசிக் ஓடும். மின்சாரத்தை அணைத்த பிறகு நிரல் நினைவகத்தில் தங்குவதற்குத்தான் அது.

இன்னொன்று: ஃபேமிகாமின் அடாப்டர் 10 வோல்ட் நேர்மின்சாரம், நடுமுனை எதிர்மின். ஜப்பானின் 100 வோல்ட்டுக்காகச் செய்தது. வேறு நாட்டுச் சுவரில் அப்படியே செருகினால் புகையைத்தான் சேகரிக்க வேண்டியிருக்கும்.

#4 தூசிதட்டி (ஞாயிறு, காலை 7.30)

நாக்குகளை ஒடித்துவிட்டேன். பஞ்சு இருக்கிறது. ஹெட்டைத் துடைத்தபோது துடைத்த பஞ்சு காப்பிப்பொடி நிறத்தில் வந்தது, வெட்கமாக இருக்கிறது. பேட்டரி அறை காலி, நல்ல வேளை.

ஒரு சந்தேகம். என்னுடையது வி2. வி3 வாங்கியிருக்க வேண்டுமோ?

#5 வரிஎண்10 (ஞாயிறு, காலை 8.15)

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்.

ஃபேமிலி பேசிக் வந்தது 1984 ஜூன் 21, விலை 14,800 யென். ஃபேமிகாமின் விலையும் அதே 14,800 யென்தான். விளையாட்டுப் பெட்டிக்குக் கொடுத்த பணத்தை இன்னொரு முறை கொடுத்தால் அது கணினியாகிவிடும் என்பது கணக்கு. நிண்டெண்டோ, ஷார்ப், ஹட்சன் மூவரும் சேர்ந்து செய்தது. அதனால்தான் மொழியின் பெயர் என்எஸ்-ஹு பேசிக். ஷார்ப் கணினிகளுக்கு ஹு-பேசிக் எழுதிப் பழகியிருந்த ஹட்சன், ஃபேமிகாமுக்குள் நுழைந்ததே இந்த வாசல் வழியாகத்தான்.

சிவப்பு நிற வி3 1985 பிப்ரவரி 21 அன்று தனிக் கேட்ரிட்ஜாக வந்தது. விசைப்பலகை ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கானது அது. வி2-வில் நிரலுக்குக் கிடைப்பது 1982 பைட், வி3-இல் 4086. இரண்டு மடங்குக்கும் மேல். வரி எண்களைத் தானே போடும் ஆட்டோ, எண்களை மாற்றியமைக்கும் ரீநம், ஸ்பிரைட்கள் (திரையில் நகரும் உருவங்கள்) மோதினவா என்று சொல்லும் கிராஷ் எல்லாம் வி3-இல்தான் உண்டு.

ஆனால் வி2-வில் கணக்குப் பலகை, இசைப் பலகை, செய்திப் பலகை என்று ஒரு குடும்பப் பொருள் போன்ற முகம் இருக்கிறது. வி3 அதையெல்லாம் கழற்றிவிட்டு நிரலாளருக்கு இடம் கொடுத்தது. நிரல் எழுத வேண்டுமென்றால் வி3. அந்தக் காலத்தை அப்படியே பார்க்க வேண்டுமென்றால் வி2. உங்கள் கேசட் எந்தப் பெட்டியோடு வந்ததோ அதிலேயே முதலில் திறக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

#6 விளக்கெண்ணெய் (ஞாயிறு, காலை 8.50)

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். 1982 பைட்டுக்கு இவ்வளவு பாடா? நீங்கள் இப்போது போட்ட பதிவே அதைவிடப் பெரியது. அதே ஆண்டுகளில் எம்எஸ்எக்ஸ் போன்ற முழுக் கணினிகள் வந்துவிட்டன. பேசிக் பழக வேண்டுமென்றால் அவற்றில் பழகியிருக்கலாமே.

#7 வரிஎண்10 (ஞாயிறு, காலை 9.20)

பழகியிருக்கலாம். ஆனால் முழுக் கணினியில் ஒரு ஸ்பிரைட்டை நடக்கவைக்க எத்தனை வரி வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஃபேமிலி பேசிக்கில் 16 உருவங்கள் தயாராகவே இருக்கின்றன. மரியோ 0, பெண் உருவம் 1, பென்குயின் 4, தீப்பந்து 5, கார் 6, வெடிப்பு 10 என்று 15 வரை போகும். டெஃப் மூவ் என்று எழுதி, அடைப்புக்குள் உருவ எண், திசை, வேகம், தூரம், முன்னா பின்னா, நிறத்தொகுதி என்று ஆறு எண்களைக் கொடுத்தால் போதும். பிறகு ‘மூவ் 0’. அவ்வளவுதான். கால் அசைவது, திரும்புவது எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். உருவம் நடந்துகொண்டிருக்கும்போதே நிரல் அடுத்த வரிக்குப் போய்விடும். இன்னும் நடக்கிறதா என்று நிரல் கேட்டால், நடந்தால் -1, நின்றுவிட்டால் 0 என்று பதில் வரும். எட்டு உருவங்களை ஒரே நேரத்தில் ஓட்டலாம்.

தசம எண் கிடையாது. -32768 முதல் 32767 வரை முழு எண்கள் மட்டும். இடம் குறைவுதான். ஆனால் அந்த இடத்தில் ஒரு குழந்தை முதல் நாள் மாலையே மரியோவை நடக்கவைத்துவிடும். முழுக் கணினியில் முதல் நாள் மாலை பெயரை எண்ணற்ற முறை அச்சிட்டுக்கொண்டிருப்போம்.

#8 அறுபத்துநான்கு (ஞாயிறு, காலை 10.02)

1982 பைட்டைக் குறைவு என்று சொன்னவருக்காக.

அட்டாரி 2600 விளையாட்டுப் பெட்டிக்கு வந்த ‘பேசிக் புரோகிராமிங்’ கேட்ரிட்ஜைப் பார்த்ததுண்டா? எழுதியவர் வாரன் ராபினெட், ‘அட்வென்ச்சர்’ விளையாட்டைச் செய்தவர். அந்தப் பெட்டியின் மொத்த நினைவகம் 128 பைட். நிரலுக்குக் கிடைப்பது 64-ஐ ஒட்டி. பத்து வரி எழுதுவதற்குள் சுவரில் முட்டிக்கொள்வீர்கள். சேமிக்க எந்த வழியும் கிடையாது. விசைப்பலகை என்பது பொத்தான் அட்டை இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேலே குறிகள் அச்சிட்ட தாளைப் பரப்பிக்கொள்வது.

இவ்வளவு நெருக்கடியிலும் அவர் திரையைப் பகுதிகளாகப் பிரித்திருக்கிறார். நிரல் ஒரு பகுதியில், மாறிகள் ஒரு பகுதியில், கணக்கீடு நடக்கும் அடுக்கு இன்னொன்றில். வேகத்தைக் குறைத்து ஓட்டினால் ஒவ்வொரு படியும் கண்முன்னே நடக்கும். நான் பேசிக் கற்றது வேறெங்கோதான், ஆனால் கணினி எப்படி யோசிக்கிறது என்று பார்த்தது அந்த 64 பைட்டில்.

#9 ஈயப்பற்று (ஞாயிறு, காலை 10.30)

பாலி ஆஸ்ட்ரோகேட் என்ற விளையாட்டுப் பெட்டியை விட்டுவிட்டீர்களே. ஜேமி ஃபென்டன் செய்த பேசிக். 4 கேபி நினைவகம் முழுவதும் திரைக்கே போய்விட்டது, நிரலை எங்கே வைப்பது? திரை நினைவகத்திலேயே வைத்தார். ஒவ்வொரு பைட்டிலும் சில பிட்டுகள் படத்துக்கு, மீதி பிட்டுகள் நிரலுக்கு. அந்தப் பிட்டுகள் கண்ணுக்குத் தெரியாதபடி நிறங்களை அமைத்துவிட்டார். பார்த்துக்கொண்டிருக்கும் படத்துக்குள்ளேயே நிரல் ஒளிந்திருக்கிறது. முதலில் கேட்டபோது நம்பவில்லை.

#10 நாடாக்காரன் (ஞாயிறு, காலை 10.41)

இழை எங்கோ போகிறது. தூசிதட்டி, வேவ் கோப்பு என்ன ஆயிற்று?

#11 தூசிதட்டி (ஞாயிறு, இரவு 8.20)

பதிவு செய்துவிட்டேன். ஒலித் திருத்தியில் பெரிதாக்கிப் பார்த்தால் அலைகள் சில இடங்களில் நன்றாக உயர்ந்து நிற்கின்றன, சில இடங்களில் சோர்ந்து கிடக்கின்றன. இடது பக்கம் வலது பக்கத்தைவிடத் தெளிவு. கணினியிலிருந்து லோட் துளைக்கு அனுப்பினேன். இந்த முறை ‘லோடிங்’ என்ற சொல்லும், அருகில் கத்தகனா என்ற ஜப்பானிய எழுத்தில் ஒரு பெயரும் வந்தன. பாதியில் மறுபடியும் டிபி எரர்.

பெயர் வந்தபோது நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

#12 நாடாக்காரன் (ஞாயிறு, இரவு 8.55)

பெயர் வந்தால் தலைப்பகுதி படிக்கப்பட்டுவிட்டது என்று பொருள். இனி மூன்று வேலைகள்.

ஒன்று, ஹெட்டின் சாய்வு. இந்த நாடாவைப் பதிவு செய்த ரிகார்டரின் ஹெட் எந்தக் கோணத்தில் இருந்ததோ யாருக்கும் தெரியாது. ஹெட்டின் ஒரு பக்கத்தில் சின்னத் திருகு இருக்கும். நாடா ஓடும்போதே மெதுவாகத் திருப்புங்கள், கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். கீச்சொலி எங்கே மிகக் கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். அதோடு திரும்பப் பதிவு செய்யுங்கள். இதற்காக மலிவான டேப் ரிகார்டர் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. பாட்டுக் கேட்கும் கருவியில் இந்த விளையாட்டு வேண்டாம்.

இரண்டு, தெளிவான பக்கத்தை மட்டும் எடுத்து மோனோவாக மாற்றுங்கள். இரண்டையும் கலந்தால் கெட்டது நல்லதையும் கெடுத்துவிடும். இணைப்புக் கம்பியும் மோனோ பிளக் உள்ளதாக இருக்கட்டும்.

மூன்று, இரண்டும் தோற்றால் அலையைத் தலைகீழாக்கிப் பாருங்கள். சில ரிகார்டர்கள் மேலைக் கீழாகக் கொடுக்கும். ஒலியளவு உச்சத்துக்குச் சற்றுக் கீழே.

#13 தூசிதட்டி (திங்கள், இரவு 11.48)

வந்துவிட்டது!!

திருகை இம்மி இம்மியாக நகர்த்தி ஏழு பதிவுகள். ஏழாவதில் இடது பக்கம் மட்டும், தலைகீழாக்கத் தேவைப்படவில்லை. ‘ஓகே’ என்று வந்ததும், நிரல் வரிகளைக் காட்டும் லிஸ்ட் கட்டளை கொடுத்தேன்.

முதல் வரி ஒரு ரெம், நிரல் ஓடும்போது எதுவும் செய்யாத வெறும் குறிப்பு வரி. கத்தகனாவில் ஒரு பெயர், பக்கத்தில் ‘செய்தது’ என்ற பொருளில் ஒரு சொல். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுத்துப்பிழை ஒன்று இருப்பதாக ஜப்பானிய மொழி தெரிந்த நண்பர் சொன்னார், அதனால் சிறு பிள்ளையாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

நிரலில் பென்குயின் ஒன்று நம் கையில். எதிரிகளாக மூன்று பறவைகள், எண் 15. எதிரியைத் தொட்டால் வெடிப்பு. திரையின் மேல் பகுதியில் ஒரு குறிப்பிட்ட இடத்துக்குப் போனால் பீப் ஒலித்து, பென்குயின் மீண்டும் கீழே வந்து நிற்கிறது. விளையாட்டு அவ்வளவுதான். எதற்காக அங்கே போக வேண்டும் என்று தெரியவில்லை. திரை முழுக்கக் கறுப்பு. பென்குயின் எங்கு வேண்டுமானாலும் போகிறது, எளிதாகவே ஜெயிக்கிறது. முடிக்காமல் விட்டுவிட்டார் போலும்.

ஓட்டி நிறுத்திய பிறகு மீதி நினைவகத்தைக் கேட்டேன். 11 பைட்.

#14 வரிஎண்10 (செவ்வாய், காலை 6.50)

1982 பைட்டில் 1971 பைட் செலவழித்த நிரல் முடிக்காத நிரலாக எனக்குத் தெரியவில்லை. தொடக்க வரிகளில் ‘வியூ’ என்ற கட்டளை இருக்கிறதா?

#15 தூசிதட்டி (செவ்வாய், காலை 7.10)

இருக்கிறது. 30-ஆம் வரி. நடுவில் எஸ்சிஆர் டாலர் என்று ஒரு சார்பும் அடிக்கடி வருகிறது.

#16 வரிஎண்10 (செவ்வாய், காலை 7.22)

அப்படியென்றால் பாதிதான் உங்களிடம் வந்திருக்கிறது.

ஃபேமிலி பேசிக்கில் பின்னணிப் படத்தை நிரலால் வரைவதில்லை. பிஜி கிராஃபிக் என்று தனியாக ஒரு திரை. குறுக்கே 28, நெடுக்கே 21 கட்டங்கள். அதில் செங்கல், ஏணி, கதவு என்று கையால் ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். வியூ கட்டளை அதை விளையாட்டுத் திரைக்கு எடுத்து வரும். எஸ்சிஆர் டாலர் என்பது திரையில் ஒரு கட்டத்தில் என்ன குறி இருக்கிறது என்று கேட்பது. அந்தப் பிள்ளை அதை வைத்துத்தான் சுவர் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறது. படம் இல்லாததால் சுவர் இல்லை, அதனால்தான் உங்கள் பென்குயின் ஊர் சுற்றுகிறது.

படத்தை நிரலோடு சேமிக்க முடியாது. பிஜி கிராஃபிக் திரையில் ‘ஃபைல்’ என்ற பிரிவுக்குப் போய்த் தனியாகச் சேமிக்க வேண்டும். அதாவது நாடாவில் இன்னொரு பதிவு.

#17 நாடாக்காரன் (செவ்வாய், காலை 7.30)

தூசிதட்டி, நிரலின் கரகரப்பு முடிந்ததும் நாடாவை நிறுத்திவிட்டீர்களா?

#18 தூசிதட்டி (செவ்வாய், காலை 7.34)

நிறுத்திவிட்டேன். வேலைக்குக் கிளம்ப வேண்டும். இன்றைய பகல் எப்படி நகரப்போகிறதோ.

#19 விளக்கெண்ணெய் (செவ்வாய், பகல் 1.15)

நான் கிண்டல் செய்துவிட்டுப் போயிருக்க வேண்டியவன். இப்போது மூன்றாவது முறையாக இந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன்.

#20 தூசிதட்டி (செவ்வாய், இரவு 9.05)

இருக்கிறது!

நிரல் முடிந்து ஒரு நிமிடம் போல வெறும் இரைச்சல், நடுவில் ஏதோ தொலைக்காட்சியின் மங்கலான குரல், பிறகு இரண்டாவது கீச்சொலி. பிஜி கிராஃபிக் திரைக்குப் போய், ஃபைல் பிரிவில் லோட் கொடுத்தேன். முதல் முயற்சியிலேயே வந்துவிட்டது.

வீடு. மூன்று மாடி வீடு. செங்கல் சுவர், ஏணிகள், ஒவ்வொரு மாடியிலும் சன்னல். மொட்டை மாடியில் ஒரு கதவு. பீப் ஒலித்த இடம் அந்தக் கதவுதான். கீழே இடது மூலையில் ஒரு மரம். அதற்கும் விளையாட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

நிரலை ஓட்டினால் பென்குயின் சுவரில் முட்டி நிற்கிறது. பறவைகளுக்குச் சுவர் பொருட்டில்லை, ஊடுருவிப் போகின்றன. இருபது நிமிடம் விளையாடினேன். கடினமாகத்தான் இருக்கிறது.

#21 அறுபத்துநான்கு (செவ்வாய், இரவு 9.30)

மரம் அருமை.

#22 ஈயப்பற்று (செவ்வாய், இரவு 9.41)

கதவைத் தொட்டால் பீப் மட்டும்தானா? எத்தனை முறை தொட்டோம் என்று எண்ணுவதில்லையா?

#23 தூசிதட்டி (செவ்வாய், இரவு 9.50)

இல்லை. 11 பைட்டில் எண்ணிக்கையை எங்கே வைப்பது? வேண்டுமென்று ஆசைப்பட்டு இடமில்லாமல் விட்டிருக்கலாம். நகலில் ரெம் வரியை அழித்துப் பார்த்தேன், 16 பைட் திரும்பக் கிடைத்தது. மொத்தம் 27. ஆனால் அந்த வரியை அழித்துவிட்டு வேறு எதையும் அங்கே எழுத மனம் வரவில்லை. இடம் போதாத நெருக்கடியிலும் தன் பெயருக்கு 16 பைட்டை விட்டுக்கொடுக்காத பிள்ளை அது.

#24 விளக்கெண்ணெய் (செவ்வாய், இரவு 10.10)

வி3-இல் ஏற்றினால் இடம் தாராளமாகக் கிடைக்குமே.

#25 வரிஎண்10 (செவ்வாய், இரவு 10.55)

கிடைக்கும். ஆனால் அது ஏமாற்று வேலை. 1982 பைட்டுக்குள்ளேயே பார்க்கலாம்.

தூசிதட்டி தனிச்செய்தியில் அனுப்பிய லிஸ்டைப் பார்த்தேன். பெரும் செலவு திசைமாற்றத்தில். கைப்பிடியைக் கேட்டால் வலது 1, இடது 2, கீழ் 4, மேல் 8 என்று சொல்லும். டெஃப் மூவ் கேட்கும் திசையோ வேறு: மேல் 1-இல் தொடங்கிக் கடிகாரச் சுற்றாக வலது 3, கீழ் 5, இடது 7, மூலைகள் 2, 4, 6, 8, நிற்பது 0. இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அதனால் நான்கு தனித்தனி ‘இஃப்’ (நிபந்தனை) வரிகள். இஃப் வரிகளைக் கோலன் போட்டு ஒன்றாகச் சேர்க்கவும் முடியாது. அதில் வரும் ‘தென்’ என்ற சொல்லுக்குப் பின்னால் வருவதெல்லாம் நிபந்தனைக்குள் போய்விடும். ஒவ்வொரு வரிக்கும் எண், நீளம் என்று தனிச் செலவு வேறு.

நான்கையும் எடுத்துவிட்டு ஒரே வரி: “03705460128” என்று ஒரு சரம். கைப்பிடி சொன்ன எண்ணோடு ஒன்றைக் கூட்டி, மிட் டாலரால் அந்த இடத்து எழுத்தை எடுத்து, வேல் கொடுத்து எண்ணாக்குங்கள். வலது என்றால் கைப்பிடி 1, சரத்தில் இரண்டாவது எழுத்து 3. மேல் என்றால் 8, ஒன்பதாவது எழுத்து 1. மூலைத் திசைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன: வலதும் கீழும் சேர்ந்தால் 5, ஆறாவது எழுத்து 4.

மிச்சமாகும் இடத்தில் எண்ணிக்கை வந்துவிடும். பெயர் வரியைத் தொட வேண்டியதில்லை.

#26 நாடாக்காரன் (புதன், காலை 6.15)

நல்ல வேலை. ஆனால் என் கணக்கில் அது இனி அந்தப் பிள்ளையின் நிரல் அல்ல. ஏழாவது வேவ் கோப்பை எதுவும் செய்யாமல் இரண்டு வட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்ரிட்ஜையும் விசைப்பலகையையும் இன்னொரு முறை வாங்கலாம், எத்தனையோ செய்து விற்றார்கள். அந்தக் கேசட் உலகத்தில் ஒன்றுதான். சேகரிப்பவர்கள் பெட்டியின் மூலை நசுங்கியதற்கு அழுவார்கள், உள்ளே கிடக்கும் கேசட்டில் பாட்டுப் பதிவு செய்வார்கள். கண்ணால் பார்த்திருக்கிறேன்.

#27 தூசிதட்டி (புதன், இரவு 10.30)

மூலக் கோப்பு இரண்டு வட்டில் பத்திரமாக இருக்கிறது. மாற்றியதெல்லாம் வேறு கேசட்டில், வேறு பெயரில்.

வரிஎண்10, உங்கள் சரம் வேலை செய்கிறது. எண்ணிக்கை மேலே வலது மூலையில் வருகிறது. ஆனால் ஒரு சிக்கல். மூலைத் திசையில் அழுத்தினால் பென்குயின் இரண்டு செங்கல் சந்திக்கும் முனை வழியாக நழுவி அடுத்த அறைக்குப் போய்விடுகிறது! அந்தப் பிள்ளையின் சுவர்ச் சோதனை நேராக எதிரே உள்ள ஒரு கட்டத்தை மட்டும்தான் பார்க்கிறது. நான்கு திசை மட்டும் இருந்தவரை அது போதுமாக இருந்தது. தரைமாடியிலிருந்து மொட்டை மாடிக்கு ஏணியே ஏறாமல் போய்விட்டேன்.

#28 வரிஎண்10 (புதன், இரவு 10.44)

தலை குனிகிறேன். இலவசமாகக் கிடைக்கிறது என்று சொன்னபோதே யோசித்திருக்க வேண்டும். “03705000100” என்று மாற்றுங்கள். நீளம் அதே. மூலைகளுக்கு 0, அதாவது நின்றுவிடும். அந்தப் பிள்ளை எழுதியதும் நான்கு திசைகளுக்குத்தான்.

#29 தூசிதட்டி (புதன், இரவு 11.20)

மாற்றிவிட்டேன். சுவர் சுவராகிவிட்டது. 1982 பைட்டில் மீதி 4 பைட், பெயர் முதல் வரியிலேயே இருக்கிறது.

இதுவரை என் அதிகபட்சம் 9 கதவுகள். இரண்டு வேவ் கோப்புகளையும் கேட்டவர்களுக்கு அனுப்புகிறேன். எமுலேட்டரில் (பழைய பெட்டியைப் போல நடிக்கும் கணினி நிரலில்) ஓட்டுபவர்களும் சொல்லலாம். மூன்றாம் மாடி ஏணிக்குப் பக்கத்தில் இரண்டு பறவைகள் ஒரே நேரத்தில் வந்தால் எப்படித் தப்புவது?

#30 விளக்கெண்ணெய் (வியாழன், அதிகாலை 2.37)

சன்னலுக்கு நேர்கீழே நின்றுவிடுங்கள். அங்கே அவை வருவதில்லை. 14.